முதலில் தேய வேண்டியது எது?

கணினியில் இருக்கும் யூ.எஸ்.பி. துளைக்கும் ஒரு வரலாறு உண்டு. பரோடாவில் படித்த அஜய் பட், இன்டெல் நிறுவனத்தில் இதனை உருவாக்கிய குழுவின் முன்னோடி. 1996இல் முதல் தரநிலை வெளியாயிற்று. ஆரம்பகால இணைப்புக்கு விதிக்கப்பட்ட ஆயுள், 1,500 தடவைகள் செருகிக் கழற்றுவது.

2007இல் அறிவிக்கப்பட்ட மைக்ரோ யூ.எஸ்.பி. அதனை 10,000 ஆக்கியது. அத்துடன், இறுக்கிப் பிடிக்கும் வில்தகடுகள் கருவியிலிருந்து கேபிளின் முனைக்கு மாற்றப்பட்டன. விலை குறைந்த பொருளே முதலில் தேயட்டும் என்பது நோக்கம். 2014இல் வந்த சி வகையும் இவ்வழியையே பின்பற்றியது.

பன்வில தோட்டத் தொழிலாளி ஒருவர் தொலைபேசியைத் திருத்தக் கண்டிக்குச் சென்றால் ஒருநாள் சம்பளம் போய்விடும். எனவே மின்னேறாவிட்டால் முதலில் வேறு கேபிளைப் பொருத்திப் பாருங்கள். பிறகு கருவியை அணைத்து, துளையில் படிந்த தூசியை மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக அகற்றுங்கள். கடைக்குப் போவது அதற்கும் பின்னரே.