ஆக்ஸ் பின்: கார் ஸ்டீரியோவுக்குள் நுழைய ஒரு வாசல்



பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி புலம்புவார்கள். "செட் இன்னும் நல்லா பாடுது, ஆனா செல்போனை மாட்டத்தான் வழியில்ல." அந்த வழிக்குப் பெயர்தான் ஆக்ஸ். தமிழில் துணை உள்ளீடு எனலாம். சின்ன ஓட்டைதான், ஆனால் அதன் வரலாறு பெரிசு.

பின் வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் ஆபரேட்டர்கள் ஒரு ஓட்டையிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகுவார்களே, அந்தத் தடிமனான பின்தான் இதற்குத் தாத்தா. டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் அது 3.5 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது. 1979ல் சோனி வாக்மேன் வந்த பிறகு ஸ்டீரியோ வடிவில் உலகம் முழுக்கப் பரவியது.

1950களின் வால்வு ரேடியோக்கள் பலவற்றின் முதுகில் கிராமபோன் மாட்ட ஒரு துளை இருந்தது. அதாவது, வெளியிலிருந்து ஒரு பாட்டு வரும் என்று அவற்றைச் செய்தவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

கார் மட்டும் ஏன் கதவைச் சாத்தியது?

அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 1930ல் மோட்டோரோலா கார் ரேடியோவை விற்றது. 1965ல் ஃபோர்டு கார்களில் 8 டிராக் டேப் வந்தது. பிலிப்ஸ் 1963ல் அறிமுகப்படுத்திய கேசட், 1968ல் காருக்குள் ஏறியது. 1984ல் சிடி. ஒவ்வொரு முறையும் புதுச் சரக்குக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டும். வெளியே இருந்து இணைக்கும் வசதி பெரும்பாலான கார் செட்களில் இல்லை.

நம் நாட்டில் கதை கொஞ்சம் வேறு. அம்பாசிடரும் மாருதி 800ம் (இரண்டும் 2014ல் நின்றன) பெரும்பாலும் செட் இல்லாமலேதான் வந்தன. வாங்கியவர் கடையில் மாட்டிக்கொள்வார். ஜெர்மானியர் வகுத்த டின் அளவு, 180க்கு 50 மி.மீ. இருந்தால் எந்த செட்டும் உட்காரும். பழையது போனால் கழற்றிப் போடலாம். 2000களில் டாஷ்போர்டோடு சேர்த்து வார்த்த கம்பெனி செட்கள் பெருகியபோதுதான் சிக்கல். கழற்றினால் டாஷ்போர்டில் பெரிய பள்ளம்!

மூன்று குறுக்கு வழிகள்

முதலாவது கேசட் அடாப்டர். கேசட் வடிவக் கூட்டுக்குள் நாடாவுக்குப் பதில் ஒரு சின்ன காந்த ஹெட் இருக்கும். பாட்டு அதில் காந்தப்புலமாக மாற, செட்டின் ஹெட் அதை நாடா என்று நம்பிப் படிக்கும். பாவம் :)

இரண்டாவது எஃப்.எம். மாடுலேட்டர். சிகரெட் லைட்டரில் செருகும் குட்டி ஒலிபரப்பு நிலையம். காலியான அலைவரிசை கிடைத்தால்தான் சுத்தமாகக் கேட்கும். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கோடைப் பண்பலை 100.5ல் கணீரென்று வரும். அதை விட்டுத் தள்ளித்தான் வைக்க வேண்டும். பிரிட்டனில் இந்தக் கருவிக்குச் சட்ட அனுமதியே 2006 டிசம்பரில்தான் கிடைத்தது.

மூன்றாவது செட்டையே பிரிப்பது. ரேடியோ, டேப் இரண்டின் ஒலியும் வால்யூம் கன்ட்ரோல் வழியாகத்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அந்த இடத்தில் இடது, வலது, எர்த் என மூன்று வயரைப் பற்றவைத்தால் ஆக்ஸ் தயார். ரேடியோ சத்தம் கலக்காமல் இருக்க, பின்னைச் செருகியதும் பழைய இணைப்பைத் துண்டிக்கும் ஜாக் வேண்டும். இல்லையென்றால் வெற்று கேசட்டை ஓடவிடலாம். எர்த் சரியில்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆல்டர்னேட்டரும் சேர்ந்து பாடும்!

கம்பெனிகள் இறங்கி வந்தன

2001ல் ஐபாட் வந்தது. 2004ல் பி.எம்.டபிள்யூ. அதற்குக் காரிலேயே இணைப்பு கொடுத்தது. அடுத்த சில வருடங்களில் ஆக்ஸ் ஓட்டை சாதாரண கார்களுக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் கேசட் பிளேயருடன் விற்ற கடைசிப் புதுக் கார் 2010ன் லெக்சஸ் என்பார்கள். 2016ல் ஐபோன் 7 ஜாக்கையே தூக்கிவிட்டது. ப்ளூடூத் வந்தபின் புதுக் கார்களிலும் ஆக்ஸ் குறைந்து வருகிறது.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அடுத்த தலைமுறைக் கருவியை உள்ளே விட அதில் இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். அந்த இடத்தை வைக்காமல் விட்டதால்தான், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த எத்தனையோ செட்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மிச்சத்தைக் காப்பாற்றியது ஈயப்பற்று பிடிக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள்.

இப்போதைய கார்களில் பாட்டு, ஏசி, வரைபடம் எல்லாம் ஒரே தொடுதிரையில். கம்பெனி மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், மூன்று வயரைப் பற்றவைக்க அங்கே வால்யூம் கன்ட்ரோல் இருக்காது. கார் வாங்கும்போது மைலேஜோடு சேர்த்து இதையும் ஷோரூமில் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே.