நான்கு பக்கங்களில் ஒரு தாய்

சித்திரக்கதை என்றதும் சிறுவர் பகுதியை நினைக்கும் வழக்கம் பத்திரிகைக்காரர்களான எங்களிடம் நெடுங்காலம் இருந்தது. என்னிடமிருந்து அதனைப் போக்கியது, அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் 1972இல் வரைந்த நான்கே பக்கங்கள்தாம். அதன் தலைப்பை 'நரகக் கோளின் கைதி' என்று தமிழில் சொல்லலாம்.

ஸ்பீகல்மனின் பெற்றோர் போலந்து யூதர்கள். நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள். மூத்த மகனை யுத்தத்தில் பறிகொடுத்த அவர்களுக்கு ஆர்ட் 1948இல் சுவீடனில் பிறந்தார். பின்னர் குடும்பம் நியூயோர்க்கில் குடியேறியது. 1968இல் தாயார் அன்யா தற்கொலை செய்துகொண்டார். கடிதம் எதுவும் எழுதி வைக்கவில்லை. 20 வயது மகன் மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அந்த மரணத்தையே அவர் வரைந்தார். கறுப்புப் பூச்சைச் சுரண்டி வெள்ளைக் கோடுகளை வெளிக்கொணரும் முறை. ஜேர்மனியின் பழைய மரச்செதுக்கு ஓவியங்களின் சாயல். மகன் கோடுபோட்ட கைதி உடையில் நிற்கிறான். தன்மீது இன்னும் அன்பு இருக்கிறதா என்று கேட்டு ஓரிரவு அறைக்கு வந்த தாயிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவன் மறைக்கவில்லை. ஆனால் இறுதியில், சிறைக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து, தன்னைக் கொன்றவள் தாயே என்று கத்துகிறான். முதன்முறை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. செய்தி எழுதுபவன் மறுதரப்பையும் கேட்கவேண்டும் என்று பழகியவன் நான். இறந்தவளால் மறுப்பறிக்கை அனுப்ப முடியுமா?

அந்த மறுதரப்பு ஒருகாலத்தில் இருந்தது. யுத்தகால அனுபவங்களை அன்யா குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். யூதர்களை எலிகளாகவும் நாசிகளைப் பூனைகளாகவும் வரைந்து, தந்தை விளாடெக்கின் வாய்மொழியைக் கொண்டு ஸ்பீகல்மன் உருவாக்கிய 'மௌஸ்' நூலில், அக்குறிப்பேடுகளை மகன் திரும்பத் திரும்பத் தேடுகிறார். 1986இல் வெளிவந்த அதன் முதற்பாகத்தின் முடிவில் தந்தை உண்மையைச் சொல்கிறார்: மனைவி இறந்த துயரத்தில் அவற்றை அவரே எரித்துவிட்டார். மகன் வளர்ந்து வாசிப்பான் என்று அன்யா விரும்பியிருந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. தாயின்மீது வீசிய அதே கொலைப்பழியை மகன் இப்போது தந்தையின்மீது வீசுகிறார்.

அந்த நான்கு பக்கங்களையும் ஸ்பீகல்மன் 'மௌஸ்' நூலுக்குள் அப்படியே சேர்த்தார். இளைஞனாக எழுதிய குற்றச்சாட்டைப் பிற்காலத்தில் மென்மைப்படுத்தாமல் விட்டதை நேர்மை என்றே கருதுகிறேன். எலி முகங்களுக்கு நடுவே அப்பக்கங்களில் மனித முகங்கள் வருகின்றன. அவற்றைக் கண்டு தந்தை அழுததையும் நூல் பதிவு செய்கிறது. இரண்டாம் பாகம் 1991இல் வந்தது. மறுவருடம் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மக்மின் மாவட்டப் பாடசாலைச் சபை, 2022 ஜனவரியில் பத்துப் பேரும் ஒருமனதாக வாக்களித்து, 8ஆம் தரப் பாடத்திட்டத்திலிருந்து 'மௌஸ்' நூலை நீக்கியது. தகாத சொற்கள் சிலவும், நிர்வாணப் பெண்ணின் படம் ஒன்றும் காரணமாகக் கூறப்பட்டன. அந்தப் படம் நான்கு பக்கக் கதையில் வரும் மிகச் சிறியதொரு சித்திரம். குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் அன்யாவை அவரது மகன் வரைந்தது.