மூலநிரலும் கம்பைலரும்: இந்திய இணைநிரலாக்க வரலாற்றின் எழுதப்படாத பக்கம்

இந்திய மீக்கணினி வரலாறு பெரும்பாலும் வன்பொருளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் உயர்திறன் கணினிகளைப் பெறுவது அரிதாயிருந்த காலத்தில், 1988-இல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்து டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பலவற்றை இணைத்து, 1991-இல் பரம் 8000 உருவானது. ஆயினும் செயலிகளை இணைத்துவிட்டால் மட்டும் நிரல் இணையாக ஓடிவிடாது. பணியைப் பங்கிடவும் செயலிகளிடையே செய்தி பரிமாறவும் தக்க மென்பொருள் வேண்டும். அதற்கெனப் பராஸ் என்னும் நிரலாக்கச் சூழலையும் சி-டாக் உருவாக்கியது.

அக்காலத்து இணைக்கணினிகள் பலவும் இவ்வாறே தத்தம் சூழலைக் கொண்டிருந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றில் ஓட்டப் பெரிதும் திருத்த வேண்டியிருந்தது. பொதுநினைவகக் கணினிகளின் அளவில் இக்குறையைத் தீர்க்க வந்தது ஓபன்எம்பி. அதன் வரையறை 1997-இல் ஃபோர்ட்ரானுக்கும், 1998-இல் சி, சி++ மொழிகளுக்கும் வெளியானது. ஆனால் அதை நிறைவேற்றிய கம்பைலர்களுள் பெரும்பாலானவை விலைக்குரியவை. 2007-இல் வந்த ஜிசிசி 4.2 பதிப்பே ஓபன்எம்பியைக் கட்டற்ற மூலநிரலாகப் பரவலாக்கியது.

மூலநிரல் கிடைத்தபின் சிக்கல் இடம் மாறியது. ஜிசிசியைக் கட்ட முன்பே ஒரு கம்பைலர் வேண்டும். அது முதற்கட்டக் கம்பைலரைக் கட்டும். முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கட்டும். இறுதி இரு கட்டங்களின் விளைவுகள் ஒத்திராவிடில் பணி நின்றுவிடும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித நூலகங்கள் இல்லையெனில் தொடக்கத்திலேயே நின்றுவிடும். இவை வெளிப்படையான பிழைகள்.

இணைநிரலாக்கப் பகுதியின் பிழைகள் பிந்தித் தெரிபவை. ஓபன்எம்பியின் இயக்கநேர நூலகம் லிப்கோம்ப். புதிய தளமொன்றுக்குக் கம்பைலர் கட்டத் தொடங்கும்போது அங்கே சி நூலகமே இராது. ஆகவே முதற்சுற்றில் இழை ஆதரவையும் லிப்கோம்பையும் விலக்கிக் கட்டுவர். சி நூலகம் அமைந்தபின் முழுக் கம்பைலரைக் கட்டுவர். முதற்சுற்றோடு நிறுத்திக்கொண்டால், வரிசைநிரலை ஏற்கும் கம்பைலர் ஓபன்எம்பி என்றதும் லிப்கோம்ப் கோப்பு இல்லையென்று மறுக்கும். புதிய கம்பைலரைச் சரியாகக் கட்டிய பின்னும், நூலகத் தேடுபாதை அமைக்கப்படாவிடில் நிரல் ஓடும்போது இயங்குதளத்தின் பழைய லிப்கோம்ப் ஏற்றப்படக்கூடும்.

எல்லாவற்றினும் கடியது ஓசையற்ற பிழை. கம்பைலருக்கு ஓபன்எம்பி விருப்பத்தைக் குறிப்பிடாவிடில், நிரலிலுள்ள இணைக்கட்டளைகள் புறக்கணிக்கப்படும். எளிய நிரலாயின் விடையும் சரியாகவே வரும். 64 உள்ளகங்கள் கொண்ட கணினியில் ஒன்று மட்டும் உழைக்க, 63 வாளாவிருக்கும்.

2015-இல் தேசிய மீக்கணினித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2019-இல் வாரணாசியில் பரம் சிவாய் இயங்கத் தொடங்கியது. இத்தகைய பொதுக்கணினிகளில் நிர்வாகி உரிமையற்ற ஆய்வாளர், தமக்கு வேண்டிய கம்பைலரைத் தம் கோப்பகத்திலேயே கட்டிக்கொள்ள நேர்கிறது. எந்தப் பதிப்பு, எந்த விருப்பங்கள், எந்த வரிசை, எங்கே நின்றது, எதனால் தீர்ந்தது என்னும் அறிவு ஆய்வேட்டின் முடிவுகளில் இடம்பெறுவதில்லையெனில், அம்மாணவர் பட்டம் பெற்று வெளியேறும் நாளில் அதுவும் வெளியேறிவிடும். அடுத்து வருபவர் அதே பிழையை முதலிலிருந்து தேடுவார். முந்தைய கணக்கீட்டை மீண்டும் செய்து சரிபார்க்கவும் இயலாது. ஆகவே கட்டுமானக் குறிப்பும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகப் பேணப்பட வேண்டிய வரலாற்று ஆவணமே.