வடசென்னையின் பலகை: வெகுமக்கள் ஊடகங்களில் சதுரங்கமும் கேரமும்

தமிழ்ப் பத்திரிகை, திரைப்படம், விளம்பரம், அரசியல் பேச்சு ஆகியவற்றில் சதுரங்கம் உவமையாகவும் கதைப்பொருளாகவும் வழங்கிவந்த வரலாறும், அதே இடத்தை வடசென்னைக் கதைகளில் கேரம் பிடித்துக்கொண்ட வரலாறும் இங்கே சேர்த்துச் சொல்லப்படுகின்றன. தமிழில் சதுரங்கம் நெடுங்காலம் சூழ்ச்சிக்காரர்களின் ஆட்டமாகவே காட்டப்பட்டது. 2022-இல் அது மாநிலத்தின் பெருமைச் சின்னமாயிற்று. ஆனால் ராயபுரம் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பகுதியைக் கதையாக்க வந்த திரைப்படம், சதுரங்கத்தைத் தொடாமல் கேரம் பலகையை எடுத்துக்கொண்டது.

பழைய வழக்கு

பலகை ஆட்டத்தை உவமையாக்குவது தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளே (401) ஓர் ஆட்டத்தைத்தான் உவமை காட்டுகிறது. நூலறிவு நிரம்பாதவன் அவையில் பேசப் புகுவது, கட்டம் கீறாமலே வட்டாடுவது போன்றது என்பது அதன் கருத்து. உவமையில் குறையாகச் சொல்லப்படுவது ஆட்டம் அன்று, கட்டம் இல்லாமை. அந்த ஆட்டத்தின் மேல் எந்தப் பழியும் இல்லை.

பழி வந்தது பாரதக் கதை வழியாக. சூது என்ற தலைப்பிலேயே திருக்குறள் ஓர் அதிகாரம் வைத்திருந்தாலும், மக்கள் மனத்தில் பதிந்த சூதாட்டம் சகுனி உருட்டிய பகடைதான். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் திரௌபதி அம்மன் விழாக்களின் தெருக்கூத்து ஆண்டுதோறும் அந்தக் காட்சியை விடிய விடிய நடத்திக் காட்டுகிறது. பாரதியாரின் பாஞ்சாலி சபதம் (முதற் பாகம் 1912) அதை அச்சிலும் நிலைநிறுத்தியது.

நாளிதழ்களின் அரசியல் பக்கங்களில் சதுரங்கப் பலகையும் இந்தச் சூதுப் பலகையும் கலந்துவிட்டன. கூட்டணிக் காலம் வந்தால் ஒரு தலைவர் காய் நகர்த்துகிறார், இன்னொருவர் அவருக்குச் செக் வைக்கிறார், நடுவில் ஒருவர் பகடைக்காய் ஆகிறார். முதலிரண்டும் சதுரங்கத்திலிருந்து வந்தவை, மூன்றாவது பகடையிலிருந்து. ஒரே செய்தியில் மூன்றும் வரும். படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணெதிரே இருக்கின்றன, மறைத்து ஆடுவதற்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தின் மேல் வஞ்சகத்தின் வாடை ஏறியதற்கு, அது சகுனியின் பலகைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டதுதான் காரணம் என்று கருத இடமுண்டு.

கோயில் மரபில் வேறொரு சதுரங்கம் உண்டு. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளாக வளர்ந்த இராஜராஜேஸ்வரியைச் சிவன் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். ஆட்டம் திருமணத்துக்கு வழியாகும் இந்தக் கதையை வெகுமக்கள் ஊடகங்கள் 2022 வரை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

திரைத் தலைப்புகள்

தமிழ்த் திரையில் சதுரங்கம் ஆடப்பட்டதைவிடத் தலைப்பாக வந்ததே முக்கியம். துரை இயக்கத்தில் ஸ்ரீகாந்தும் ரஜினிகாந்தும் நடித்த 'சதுரங்கம்' 1978-இல் வந்தது. கரு. பழனியப்பன் அதே தலைப்பில் எடுத்த படம் 2011-இல் வெளியானது. எச். வினோத்தின் முதல் படமான 'சதுரங்க வேட்டை' (2014) தலைப்பை ஒரு படி முன்னே கொண்டுபோனது. மண்ணுளிப் பாம்பு, இரிடியம், ஆள் சேர்க்கும் திட்டம் என்று ஊரில் உண்மையாகவே நடந்த மோசடிகளை அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டும் அந்தப் படத்தில், எதிராளியின் ஆசையை முன்கூட்டியே கணக்கிடுபவனே நாயகன். சதுரங்கம் என்றாலே ஏய்ப்பவனின் மூளை என்ற பொருள் அந்தத் தலைப்போடு நன்றாக ஊன்றிவிட்டது.

பிற இடங்களில் இந்த ஆட்டம் வேறு வேலை செய்திருக்கிறது. இங்மார் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' (1957) படத்தில் ஒரு வீரன் சாவோடு சதுரங்கம் ஆடித் தவணை வாங்குகிறான். பிரேம்சந்த் கதையிலிருந்து சத்யஜித் ராய் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' (1977), 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் அரசை விழுங்கும்போது பலகையை விட்டுத் தலைதூக்காத இரண்டு லக்னோ பிரபுக்களைக் காட்டுகிறது. அங்கே சதுரங்கம் தந்திரத்துக்கு அடையாளம் இல்லை, பொறுப்பற்ற போக்குக்கு அடையாளம். தமிழ்ப் படங்கள் அந்தத் திசையில் போகவே இல்லை. சதுரங்கம் ஆடுபவரைக் கெட்டிக்காரராகக் காட்டத் தெரிந்த நம் திரைக்கு, ஆட்டத்தில் மூழ்கி ஊரைத் தொலைத்தவரைக் காட்டத் தோன்றாதது ஒரு குறைதான்.

பெருமையாக மாறிய காலம்

மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தை அவர் முன்னின்று நடத்தினார். 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் அங்கேதான் வளர்ந்தார். ஆனந்தின் இளமையில் ஊடகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தந்தையின் பணிக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒரு சதுரங்கப் புதிர் போடுவார்கள். சிறுவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தாயார் சுசீலா அதைக் குறித்துவைப்பார், மாலையில் இருவரும் சேர்ந்து விடுவிப்பார்கள். சரியான விடைக்குத் தரப்பட்ட பரிசுப் புத்தகங்களை ஆனந்தே தொடர்ந்து வென்றுகொண்டிருந்ததால், வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சி நடத்தியவர்கள் கேட்டுக்கொண்டார்களாம். ஆனந்தே பேட்டிகளில் சொன்ன கதை இது.

1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000-இல் உலகச் சாம்பியன். 2013 நவம்பரில் சென்னையிலேயே நடந்த போட்டியில் மாக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அந்த மாதம் தமிழ் நாளிதழ்கள் சதுரங்கத்தை விளையாட்டுப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஏற்றின.

உக்ரைன் போரையடுத்து ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடைத் தமிழ்நாடு கேட்டுப் பெற்று, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடத்தியது. வேட்டி சட்டையோடு கைகூப்பி நிற்கும் குதிரை, 'தம்பி' என்ற பெயரில் சின்னமாயிற்று. நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தீட்டப்பட்டு, ஏ.ஆர். ரகுமான் இசையில் விக்னேஷ் சிவன் எடுத்த விளம்பரப் படத்துக்குக் களமானது. புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகம் சதுரங்கக் காய்களே நடனமாடுவதாக ஒரு காணொளி வெளியிட்டது. தமக்கு மிகப் பிடித்த உள்ளரங்க விளையாட்டு இது என்று ரஜினிகாந்த் சதுரங்கம் ஆடும் தம் பழைய படத்தைப் பகிர்ந்தார். தொடக்க விழாவில் பிரதமர் பூவனூர் கோயிலை எடுத்துச் சொன்ன பிறகு, அந்த ஊர்ப் பெயர் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஒலித்தது. சில வாரங்களுக்குச் சகுனி மறைந்து, சிவன் பலகைக்கு வந்தார்.

நேப்பியர் பாலம் கூவம் கடலில் சேரும் இடத்தில் நிற்கிறது. மெரினாவிலிருந்து அதைக் கடந்து கோட்டையையும் ராஜாஜி சாலையையும் தாண்டினால் துறைமுகம், அதற்கப்பால் ராயபுரம். தால் கழகம் இயங்கியது தென்சென்னையில், ஒலிம்பியாட் நடந்தது அதற்கும் தெற்கே. சதுரங்கத்தின் பெருமைக் கட்டங்கள் வடசென்னையின் வாசல் வரை வந்து நின்றன.

வடசென்னையும் கேரமும்

வடசென்னைப் படங்களில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. 'சென்னை 600028' (2007) படத்தில் ராயபுரத்து அணி ராக்கர்ஸ் தெருக் கிரிக்கெட் ஆடியது. 'மெட்ராஸ்' (2014) வியாசர்பாடியின் கால்பந்தைக் காட்டியது. 'இறுதிச்சுற்று' (2016), 'சார்பட்டா பரம்பரை' (2021) இரண்டும் குத்துச்சண்டைக் கதைகள். எல்லாமே உடலால் ஆடும் ஆட்டங்கள். உழைப்பாளி வாழும் பகுதி என்றால் உடல்தான் என்று திரை முடிவுகட்டியிருந்த நேரத்தில், 2018 அக்டோபரில் வெற்றிமாறனின் 'வடசென்னை' ஒரு பலகையை நடுவில் கொண்டுவந்து வைத்தது.

அந்தப் பலகை இங்கே உண்மையாகவே உள்ள பொருள். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை முடித்து வந்தவர்கள் ஸ்டூல் மேலோ காலி டிரம் மேலோ கேரம்போர்டை வைத்து, நேர்மேலே ஒரு பல்பைத் தாழத் தொங்கவிட்டு, போரிக் பவுடர் தூவித் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்காருவார்கள். நால்வர் ஆட, பத்துப் பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். ஆடுகளம் பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். வெள்ளை 9, கறுப்பு 9, நடுவில் ஒரு ரெட். ரெட்டைப் போட்டவர் உடனே தன் காயில் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும், தவறினால் ரெட் திரும்பப் பலகைக்கு வந்துவிடும். கைக்கு வந்ததை அடுத்த அடியிலேயே உறுதிசெய்யாவிட்டால் போய்விடும் என்ற இந்த விதி, கடலுக்குப் போய் வருபவருக்கும் தினக்கூலிக்கும் விளக்காமலே புரியும்.

படத்தில் தனுஷ் நடித்த அன்பு கேரமில் கெட்டிக்காரன். ராஜன் என்ற பெரியவரின் சாவுக்குப் பின் அவருடைய ஆட்கள் குணா, செந்தில் என்று இரண்டு அணியாகப் பிரிய, ஓர் அணி அன்பைச் சிறைக்குள் இன்னோர் அணியின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கேயும் கேரம் பலகைதான் அவனுக்கு வழி திறக்கிறது. சதுரங்கத்தில் குதிரை குதிரையாகவே நடக்கும், யானை யானையாகவே நடக்கும். ஒவ்வொரு காய்க்கும் பதவியும் பாதையும் உண்டு. கேரமில் காய்க்குப் பதவியும் இல்லை, பாதையும் இல்லை. வெளியிலிருந்து ஸ்ட்ரைக்கர் அடித்தால் நகரும், நகரும்போது பக்கத்தில் இருப்பதையும் தள்ளும், எங்கே போய் நிற்கும் என்பதை அடித்தவராலும் முழுக்கச் சொல்ல முடியாது. வளர்ச்சித் திட்டத்துக்காகக் குப்பத்தைக் காலி செய் என்று எங்கிருந்தோ வரும் உத்தரவில் சிதறும் மக்களின் கதைக்கு இதைவிடப் பொருந்தும் பலகை இல்லை. யாரோ அடித்த காயாக உள்ளே போன அன்பு, ஸ்ட்ரைக்கரைத் தன் கையில் எடுப்பதுதான் படத்தின் போக்கு. நாளிதழ்கள் பல்லாண்டு தேய்த்த காய் நகர்த்தல் உவமையால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

மும்பையிலும் இப்படி ஒரு படம் முன்னரே வந்ததுண்டு. சந்தன் அரோரா இயக்கி, சித்தார்த் நடித்த இந்திப் படம் 'ஸ்ட்ரைக்கர்' (2010), மால்வாணிக் குடியிருப்பின் கேரம் ஆட்டக்காரனைப் பற்றியது. இரண்டு படங்களிலும் கேரம் அடிதடிக் கும்பலோடு பிணைந்தே வருகிறது. சதுரங்கத்துக்குச் சகுனி போல, கேரமுக்கு ரவுடி வந்து ஒட்டிக்கொண்டான். 'வடசென்னை' வெளியானபோது மீனவர்கள் படகுக் காட்சி ஒன்றை எதிர்த்தார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், காட்சி நீக்கப்பட்டது. தங்களைத் திரை எப்படிக் காட்டுகிறது என்பதை இந்த மக்கள் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்.

பலகையை வென்றவர்கள்

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியன் ஆனார். கேரமுக்காக அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம் செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான 17 வயது காசிமா, தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார்.

ஒரு மாதம்கூட முழுதாக முடியாத நிலையில், டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயது குகேஷ் சதுரங்க உலகச் சாம்பியன் ஆனார். ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பருவத்தில் இரண்டு உலக வெற்றிகள். குகேஷுக்குக் கிடைத்த தலைப்புச் செய்திகள் அத்தனையும் அவருக்கு உரியவையே. மாநில அரசு அவருக்கு 5 கோடி ரூபாய் வழங்கியது. ரஜினிகாந்தும் சிவகார்த்திகேயனும் அவரை அழைத்துப் பாராட்டிய படங்கள் எங்கும் பரவின. காசிமாவை முதலமைச்சர் வாழ்த்தினார், ஆண்டின் முடிவில் அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. ஆனால் அவர் ஆடிய இறுதியாட்டத்தின் ஓர் அடியையாவது நிறுத்தி விளக்கிய தொலைக்காட்சி அரிது. குகேஷின் கடைசி ஆட்டத்தில் டிங் செய்த பிழையை, சதுரங்கம் தெரியாத வீடுகளிலும் அந்த வாரம் பேசினார்கள். கேரம் தெரியாத வீடு வடசென்னையில் இல்லை. அங்கே விளக்கினால் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது, விளக்குவதற்குத்தான் ஊடகம் இன்னும் வரவில்லை.