காஸனோவாவின் முத்திரை

ஹிப் ஹாப் சங்கீதம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. ஒருவர் இசைத்தட்டைச் சுழற்றுவார். இன்னொருவர் தாளத்துக்கு இசைய எதுகை போட்டுப் பேசுவார். 1973 முதல் கூடங்களிலும் பூங்காக்களிலும் மணிக்கணக்காக நடந்துவந்த இந்தக் கச்சேரியைத் தட்டில் அடைக்கலாம் என்று அங்கே பலருக்குத் தோன்றவில்லை. தோன்றியது, நியூஜெர்ஸியில் இசைத்தட்டுக் கம்பெனி நடத்திய சில்வியா ராபின்சன் அம்மையாருக்கு. மூன்று இளைஞர்களைப் பிடித்தார். ஒருவர், பிக் பாங்க் ஹாங்க், பீட்ஸா கடைச் சிப்பந்தி! 'ஷிக்' குழுவினரின் 'குட் டைம்ஸ்' மெட்டை வாத்தியக்காரர்களை வைத்து வாசிக்கச் செய்தார். 1979 செப்டம்பரில் வெளியான 'ராப்பர்ஸ் டிலைட்', பதினான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடுவது, அமெரிக்காவில் 36-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 3-ஆம் இடத்தையும் பிடித்தது.

மெட்டுக்கு உரிய நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கென்று கிளம்பியதும், ஆசிரியர் வரிசையில் அவர்கள் பெயர் ஏறிற்று. நியாயந்தான். ஆனால் ஹாங்க் பேசிய அடிகள் யாருடையவை? பிராங்க்ஸ்வாசியான கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. ஹாங்க் அவருக்கு மானேஜர்போல் இருந்தவர். நம்பிக்கையால் காஸ் தம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். தட்டு வந்தபோது அவருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 'காஸனோவா' என்ற காஸின் புனைபெயரைக்கூட மாற்றாமல் ஹாங்க் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறார். தியாகையர் கிருதியை முத்திரையோடு பாடிவிட்டு, "என் சாகித்தியம்" என்பதுபோல! திருட்டைவிட இந்த அஜாக்கிரதைதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2011-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தத் தட்டைச் சேர்த்தது. அந்த எழுத்துக்களும் அதில் பத்திரமாக இருக்கின்றன.