தேவாங்கு பார்க்க அரிட்டாபட்டி

போன வாரம் ஃபிரெண்ட்ஸோட ஒரு ட்ரிப் பிளான். உகாண்டாவில் கியாம்புரா பள்ளத்தாக்கு. காட்டுக்குள்ள சிம்பன்ஸியைத் தேடி நடக்கலாம், பறவைகளும் பார்க்கலாம். பட்ஜெட் போட்டதும் குரூப்பே சைலன்ட்!

அப்பத்தான் தோணுச்சு, மதுரையிலிருந்து மேலூர் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர்ல அரிட்டாபட்டி இருக்கே. சிம்பன்ஸிக்குத் தூரத்துச் சொந்தமான தேவாங்கு அங்க உண்டு. பாறை உச்சிகள்ல லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு. மொத்தம் சுமார் 250 வகைப் பறவைகள்.

இந்த மலைக்கு மனுஷங்க வர்றதும் புதுசில்ல. குகையில் சமணர் படுகையும், சுமார் 2,200 வருஷப் பழமையான தமிழிக் கல்வெட்டும் இருக்கு. பாண்டியர் காலத்துல குடைஞ்ச சிவன் கோயிலும் இருக்கு. 2022 நவம்பர்ல தமிழக அரசு இங்க 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சது. மாநிலத்துலயே இதுதான் முதல்.

ஆனா அந்த அறிவிப்பு மட்டும் மலையைக் காப்பாத்தல. ரெண்டே வருஷத்துல, 2024 நவம்பரில், ஒன்றிய அரசின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். இந்தத் தலமும் அதுக்குள்ள. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க விடல. கிராம சபைத் தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9 சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டுச்சு. 2025 ஜனவரி 7, ஆயிரக்கணக்கான பேர் மதுரைக்கு நடந்தே வந்தாங்க. ஜனவரி 23 ஏலம் ரத்து.

அதனால நாங்க போறது அரிட்டாபட்டிக்குத்தான். விடியக்காலையில பைனாகுலரோட பறவைகள். தேவாங்கு ராத்திரிப் பிராணி. வனத்துறையைக் கேட்டுட்டு, ஊர்க்காரங்க துணையோட, சிவப்பு லைட்ல மட்டும். பார்த்த பறவைகளை இ-பேர்டுல பதிவு பண்ணுவோம். நாளைக்கு இன்னொரு ஏலம் வந்தா, ஊர்க்காரங்க கையில அந்த லிஸ்ட்டும் இருக்கட்டும்.