ஒற்றியும் ஒழிமுறியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில், குடிவைத்துக் கடன் தீர்க்கும் பழைய வழி ஒன்றுண்டு. ஒற்றி என்பது அதன் பெயர். குடிவருபவரே பொருள் கொடுப்பவர். அவர் வாடகை தருவதில்லை. வீட்டுக்காரர் வட்டி தருவதில்லை. வீட்டின் ஒரு பகுதியை ஒற்றிக்கு விட்டு, அத்தொகையால் வட்டி ஏறும் பழங்கடனை அடைத்து, மறுபகுதியில் குடும்பம் வாழலாம். முதலைத் திருப்பியளித்ததும் ஒழிமுறி எழுதப்பெறும், வீடு மீளும்.

இதில் ஓர் இடருண்டு. எத்தனை ஆண்டு குடியிருப்பினும் முதல் குறைவதில்லை. எனவே மீட்பு தலைமுறை தாண்டும், ஆவணம் மறக்கப்படும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே திருவிதாங்கூரில் வாழ்ந்த உறவினர் இரு மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டனர். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், ஐம்பதாண்டு தொடர்ந்து நிலம் அனுபவித்த ஒற்றிக்காரர் சிலரைக் குடியானவராகவே ஏற்றது. மறதிக்கு விலை நிலமாயிற்று!

மற்றையோர்க்கு ஆறுதல் உண்டு. அனுபவ ஒற்றியில், எழுதிய நாளிலிருந்து காலம் கடந்ததென்பதால் மட்டும் மீட்புரிமை அழியாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆதலின் அன்பர்களே, பெட்டியில் உறங்கும் பழைய ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றிலுள்ள கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுக. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டினால் போதும். ஊர்விட்டு வந்தோம், உரிமையையும் விட்டு வந்தோம் என்று நம் பிள்ளைகள் சொல்லாதிருக்கட்டும்.